வழமையான மழை எங்கே பெய்கிறது?

ஒவ்வொரு மாதமும் முடிந்ததும் அம்மாதத்தின் மழையும் வெப்பமும் கணக்கிடப்பட்டு, வழமையோடு ஒப்பிடப்பட்டு, அறிக்கையாக வெளிவருகின்றன. அவ்வறிக்கை பத்திரிகைக்கு வந்து சேரும்போது இரண்டு வரியாகச் சுருங்கிவிடுகிறது. 'வடபகுதியில் நவம்பர் மாத மழைவீழ்ச்சி வழமையிலும் கூடுதல். வெப்பநிலை வழமையை ஒட்டியது' என்ற அளவோடு செய்தி முடிகிறது. படிப்பவர் தலையை அசைத்துவிட்டு அடுத்த செய்திக்குச் செல்கிறார். பட்டினத்தில் வாழ்பவருக்கு அவ்வளவு போதும். வானத்தை நம்பி விதைத்தவனுக்கும், கிணற்றை நம்பி வெங்காயம் நட்டவனுக்கும் அது போதுமா? போதாது, சில வேளைகளில் அது அவர்களுக்குத் தீங்கும் செய்கிறது என்பது என் கருத்து. அறிக்கையிலுள்ள எண்களை நான் குறைகூறவில்லை. அவ்வெண்களின் பக்கத்தில் நிற்கும் 'வழமை' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

யாழ்ப்பாணத்தவருக்கு அச்சொல் புதியதன்று. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த நம் சட்டத்துக்கே தேசவழமை என்று பெயர். வழமை என்றால் ஊரார் நெடுங்காலமாக ஒத்து ஒழுகிவருவது. அதை மீறுபவன் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன். இந்தப் பொருள் நம் செவியில் ஊறிக் கிடக்கிறது. ஆகவே 'வழமையான மழை' என்று கேட்டவுடன், பெரும்பாலான ஆண்டுகளில் பெய்யும் மழை, எதிர்பார்த்திருக்க வேண்டிய மழை, நியாயமான மழை என்றெல்லாம் நம் மனம் பொருள்கொண்டுவிடுகிறது. வானிலையாளர் அச்சொல்லால் கருதுவது இவற்றுள் ஒன்றுமன்று. அவர் கருதுவது ஒரு கூட்டலும் ஒரு வகுத்தலுமே.

நாடுகள் தம் வானிலைக் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமாயின் எல்லாரும் ஒரே காலப்பகுதிக்குச் சராசரி எடுத்தல் வேண்டும் என்று 1872இலேயே அறிஞர் கூடித் தீர்மானித்தனர். 1935இல் வார்சோ நகரில் கூடிய மாநாடு அக்காலப்பகுதியை முப்பது ஆண்டு என்று வகுத்து, 1901 முதல் 1930 வரையுள்ள ஆண்டுகளைக் குறித்தது. பின்னர் 1931 முதல் 1960, அதன்பின் 1961 முதல் 1990 என்று அது நகர்ந்தது. இப்பொழுது 1991 முதல் 2020 வரையுள்ள முப்பதாண்டு வழக்கில் உள்ளது. அம்முப்பது நவம்பர்களில் பெய்த மழையைக் கூட்டி முப்பதால் வகுத்தால் வருவது எதுவோ அதுவே நவம்பரின் 'வழமை'. ஆங்கிலத்தில் 'நோர்மல்' என்று அவர்கள் இட்ட பெயரை நாம் மொழிபெயர்த்தபோது, எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், நம் வீட்டுச் சொல்லின் மதிப்பையும் சேர்த்து அதற்கு அளித்துவிட்டோம்.

இதில் என்ன கேடு வந்துவிடும் என்று கேட்கலாம். விளக்கத்துக்காக ஐந்து நவம்பர் மாதங்களை நானே அமைத்துக் காட்டுகிறேன். ஒரு கிராமத்தில் முதலாண்டு 150 மில்லிமீற்றர், அடுத்து 250, அடுத்து 300, அடுத்து 350. ஐந்தாம் ஆண்டில் புயல் வந்து 950 மில்லிமீற்றர். கூட்டினால் 2000, ஐந்தால் வகுத்தால் 400. எனவே அக்கிராமத்தின் வழமை 400. ஆனால் அந்த 400 எந்த ஆண்டில் பெய்தது? ஓர் ஆண்டிலும் இல்லை. ஐந்தில் நான்கு ஆண்டுகள் வழமையிலும் குறைந்த ஆண்டுகள். எஞ்சிய ஒன்று வெள்ளம். குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பது 300. நம் பாடசாலைக் கணிதத்தில் இதற்கு இடையம் என்று பெயர். மழையைப் பொறுத்தவரை அந்த நடு எண்ணே விவசாயியின் அனுபவத்துக்கு அண்மையில் நிற்பது. வெப்பநிலைக்கு இந்த இடர் பெரிதாக இல்லை. அது சராசரியைச் சுற்றி இருபுறமும் ஏறத்தாழ ஒரே அளவில் ஊசலாடும். மழை அப்படியன்று. பூச்சியத்துக்குக் கீழே அது இறங்கமுடியாது. மேலே ஏறுவதற்கோ எல்லை இல்லை. ஒரு புயலாண்டு பத்து வறண்ட ஆண்டுகளின் கண்ணீரை மறைத்துவிடும்.

எங்கள் குடாநாட்டுக்கு இது ஏட்டுக் கணக்கன்று. யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சராசரி 1250 மில்லிமீற்றர் அளவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதத்துள் விழுந்துவிடுகிறது. நவம்பரில் மட்டும் ஏறக்குறைய 400. இதை நம் அளவையில் சொன்னால் விளங்கும்: ஒரு பரப்புக் காணியில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஏறக்குறைய 250 லீற்றர் தண்ணீர். நவம்பரில் ஒவ்வொரு பரப்பிலும் ஓர் இலட்சம் லீற்றர் வானத்திலிருந்து இறங்குகிறது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நாடு இது. வழுக்கியாறு கூட மாரியில் மட்டுமே ஆறு. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, கடல்நீரின்மேல் மெல்லிய வில்லை போல் மிதந்து நிற்க, அதைத்தான் அடுத்த ஒன்பது மாதமும் நாம் இறைத்துக் குடிக்கிறோம், இறைத்துப் பயிரிடுகிறோம். அந்த வில்லை தேய்ந்தால் உவர் மேலேறும். எனவே நவம்பர் மழையின் அளவும் போக்கும் புகையிலைக்காரன், மிளகாய்க்காரன், குடத்தோடு நிற்கும் பெண் ஆகிய எல்லாருடைய அடுத்த ஆவணி வரைக்குமான கதையாகும்.

இனி, ஜூன், ஜூலை மாதங்களைப் பாருங்கள். சோளகக்காற்று புழுதியை வாரி இறைக்கும் காலம். அம்மாதங்களின் சராசரி மழை மாதத்துக்கு 20 மில்லிமீற்றர் அளவே. ஒரு பின்னேரம் இடி இடித்து 60 மில்லிமீற்றர் பெய்தால் 'ஜூலை மழை வழமையின் 300 வீதம்' என்று அறிக்கை சொல்லும். வீதக்கணக்கில் அது பிரமாண்டம்; மண்ணைப் பொறுத்தவரை ஒரு நாள் ஈரம். நவம்பரில் 30 வீதம் குறைந்தாலோ 120 மில்லிமீற்றர் போய்விட்டது. எனினும் 'சற்றுக் குறைவு' என்று ஒரு மெல்லிய சொல்லால் அது கடந்துபோகிறது. ஒரே வீதம் இரு மாதத்தில் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதைப் படிப்பவருக்கு யார் சொல்வது?

வெப்பநிலைக்கு இதன் மறுதலை நிகழ்கிறது. கடல் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில் குளிர்ந்த ஜனவரிக்கும் வெந்த மே மாதத்துக்கும் இடையே சராசரி வேறுபாடு நான்கு பாகை செல்சியஸ் அளவே. அத்தகைய இடத்தில் ஒரு மாதம் முழுவதும் ஒரு பாகை கூடியிருந்தால் அது பெரிய செய்தி. ஆனால் 'ஒரு பாகை கூடுதல்' என்று படிப்பவர், காலையில் விசிறியைச் சற்று வேகமாகச் சுழலவிட்டால் சரி என்று எண்ணுகிறார். நெற்பயிர் அப்படி எண்ணுவதில்லை. பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். இரவின் வெப்பமோ இன்னும் நுட்பமான பகை. பிலிப்பைன் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களை வைத்து 2004இல் வெளியான ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் விளைவு 10 வீதம் குறைவதைக் காட்டியது. பகலையும் இரவையும் ஒன்றாய்ச் சேர்த்துச் சராசரி எடுத்து, அதையும் வழமையோடு ஒப்பிட்டு, 'வழமையை ஒட்டியது' என்று எழுதும்போது இரவு எங்கே போயிற்று என்று கேட்க வழியில்லை.

நிற்க. மாதம் என்ற அளவுகோலையும் சற்று நோக்குவோம். நவம்பர் முதலாந் தேதி தொடங்கி முப்பதாந் தேதி முடிகிறது என்பது உரோமாபுரியார் நமக்குத் தந்த ஏற்பாடு. நம் உழவன் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று எண்ணுகிறான். கார்த்திகை நவம்பர் நடுவில் பிறந்து டிசம்பர் நடுவில் முடியும். 2020இல் புரேவிப் புயல் டிசம்பர் 2ஆந் தேதி இரவு முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறியது. அதன் மழை முழுவதும் டிசம்பரின் பேரேட்டில் பதிவாயிற்று. மூன்று நாள் முந்தி வந்திருந்தால் நவம்பர் 'மிகுந்த' மாதமாகவும் டிசம்பர் 'குறைந்த' மாதமாகவும் ஆகியிருக்கும். வயலுக்கும் குளத்துக்கும் அதனால் ஒரு வேற்றுமையும் இல்லை. கணக்குப் புத்தகத்துக்கு மட்டுமே வேற்றுமை. மாரியை ஒரே பருவமாக வைத்து, ஐப்பசி தொட்டு மார்கழி ஈறாகப் பெய்ததைச் சேர்த்துச் சொன்னால் இந்தக் குழப்பம் பெரிதும் நீங்கும். ஆனால் திணைக்களத்தின் பருவப் பகுப்பில் ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். முழு இலங்கைக்கும் ஒருங்கே வகுத்த பகுப்பு அது. அதற்குரிய காரணங்களும் உள. ஆயினும் எங்கள் மாரி நடுவே வெட்டுண்டு இரண்டு ஏட்டில் கிடக்கிறது.

இலக்கியம் கற்றோர் இதைக் கேட்டு வியக்கமாட்டார். தொல்காப்பியத்துக்கு உரை கண்டவர்கள் கார் காலத்தை ஆவணி, புரட்டாதி என்றும், கூதிரை ஐப்பசி, கார்த்திகை என்றும் வகுத்தனர். தலைவன் கார் தொடங்குமுன் வருவேன் என்று சொல்லிப் பிரிகிறான். நெடுந்தீவிலோ வடமராட்சியிலோ ஒரு தலைவி ஆவணியில் முகில் பார்த்து நின்றிருந்தால், அவளுக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் சோளகப் புழுதியே. மேற்கு மலைத்தொடரை அடுத்த நாட்டின் வழமை வேறு, எங்கள் மணலின் வழமை வேறு. புலவருக்கும் ஒரு சராசரி நிலம் இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மாதத்தின் எல்லையைவிடப் பெரிய சிக்கல் மாதத்தின் உள்ளே கிடக்கிறது. நவம்பரில் 400 மில்லிமீற்றர் இரண்டு விதமாகப் பெய்யலாம். பதினாறு நாள், நாளுக்கு 25 மில்லிமீற்றர் என்று இடைவிட்டு இடைவிட்டுப் பெய்தால் மண் குடிக்கும், கிணறு ஊறும், பயிர் பச்சைபிடிக்கும். அதே 400இல் 350 மாத இறுதியில் இரண்டு நாளில் கொட்டினால், பாறை குடிப்பதற்குமுன் தண்ணீர் வெள்ளவாய்க்கால் வழியே களப்புக்கும் கடலுக்கும் ஓடிவிடும். 2008 நவம்பர் இறுதியில் நிஷாப் புயல் வந்தபோதும், 2024 நவம்பர் 26, 27ஆந் தேதிகளில் பின்னர் பெஞ்சல் எனப் பெயர்பெற்ற தாழமுக்கம் எங்கள் கரையை ஒட்டி நகர்ந்தபோதும் இத்தகைய மழையைக் கண்டோம். 2018 டிசம்பர் மூன்றாம் வார முடிவில் ஓரிரவுப் பெருமழையால் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. இவை யாவும் மாத அறிக்கையில் ஓர் எண்ணாகவே போய் அமரும். அந்த எண் வழமைக்கு அண்மையில் இருந்துவிட்டால், அம்மாதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று அறிக்கை சாதிக்கும்.

இச்சாதிப்பு வெறும் ஏட்டோடு நிற்பதில்லை. சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் ஊர் வயற்காரர் ஒருவரோடு நான் ஓர் அலுவலகத்துக்குத் துணையாகச் சென்றேன். எந்த அலுவலகம் என்பது ஈண்டு வேண்டியதில்லை. புரட்டாதியில் புழுதியில் விதைத்து, ஐப்பசியின் முதல் மழையில் முளைத்து, பின்னர் மூன்று வாரம் துளியின்றிக் கருகிய பயிர் அவருடையது. கார்த்திகையில் மழை கொட்டியது. அதற்குள் வயலில் பயிர் இல்லை, கோரை இருந்தது. மேசையிலிருந்த இளைஞர் பணிவாகத்தான் பேசினார்.

"ஐயா, நவம்பர் மழை வழமைக்குக் கூட எண்டுதான் அறிக்கை சொல்லுது. வறட்சி எண்டு நான் எப்படி எழுதுறது?"

"தம்பி, மழை பெய்தது மெய்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. என்ரை பயிர் இருக்கேக்கை பெய்யேல்லை."

அதற்கு அந்த இளைஞரிடம் விடையில்லை. அவரிடம் இருந்த தாளிலும் இல்லை. பெய்த நாள்கள் எத்தனை, இடையே வறண்ட நாள்கள் தொடர்ச்சியாக எத்தனை என்ற இரண்டு எண்கள் அத்தாளில் இருந்திருந்தால், வயற்காரரின் வாய்ச்சொல்லுக்குச் சான்று கிடைத்திருக்கும். ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு மழைமானியைப் பார்த்துப் பதிவுசெய்கிறார்கள். ஆகவே அவ்வெண்கள் இல்லாமற் போகவில்லை. மாதக் கூட்டுத்தொகையாக மாறும் வழியில் அவை உதிர்ந்துவிடுகின்றன.

இன்னுமொரு குழப்பத்தையும் சொல்லவேண்டும். காலபோகம் தொடங்குமுன் 'இம்முறை வழமையான மழையோ அதனிலும் சற்றுக் கூடுதலோ எதிர்பார்க்கப்படுகிறது' என்று ஒரு முன்னறிவிப்பு வருகிறது. தெற்காசிய நாடுகளின் வானிலையாளர் கூடி வெளியிடும் பருவ முன்னறிவிப்பில் 'வழமை' என்பது சராசரி அன்று. கடந்த ஆண்டுகளைக் குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்தி மூன்றாகப் பிரித்து, நடுவிலுள்ள மூன்றிலொரு பங்கையே அவர்கள் வழமை என்கிறார்கள். அயலிலுள்ள இந்தியாவிலோ, மாவட்ட மழை நெடுங்காலச் சராசரிக்கு மேலோ கீழோ 19 வீதத்துள் இருந்தால் அது வழமை. ஆகவே ஒரே சொல் ஓரிடத்தில் ஒரு புள்ளி. மற்றோரிடத்தில் வரிசையில் ஒரு பங்கு. இன்னோரிடத்தில் ஓர் அகன்ற பட்டை. மூன்றையும் அறிந்த நிபுணர் தடுமாறமாட்டார். மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல்லை இட்டு வானொலியில் வாசிக்கும்போது, வரம்பில் நின்று கேட்பவன் எதை நம்பி விதைநெல்லை அவிழ்ப்பது?

அந்த முன்னறிவிப்பு பயனற்றது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளில் நமது ஒக்டோபர், நவம்பர் மழை பெருகும் போக்கும், அது குளிரும் லா நினா ஆண்டுகளில் குறையும் போக்கும் அறிஞரால் நன்கு ஆராயப்பட்டவை. ஜனவரிக்குப் பின் இந்த உறவு தலைகீழாகிறது என்பது இன்னும் சுவையான செய்தி. 2016இன் பிற்பகுதியில் இந்து சமுத்திரத்தின் மேற்குப் புறம் குளிர்ந்தும் கிழக்குப் புறம் வெந்தும் இருந்தது. நமது மாரி பொய்த்தது. நாற்பதாண்டில் காணாத வறட்சி என்றனர். 2017இல் நாட்டின் நெல் விளைவு முந்திய ஆண்டின் ஏறக்குறைய பாதியாயிற்று. 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இதற்கு மாறாகக் கிழக்கிலங்கை வெள்ளத்தில் அமிழ்ந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெட்டுக்கு நின்ற கதிர் நீருக்குள் முளைத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அல்லலுற்றனர். 'வழமையிலும் கூடுதலான மழை' என்ற சொற்றொடர் விதைப்புக் காலத்தில் வாழ்த்து. அறுவடைக் காலத்தில் சாபம். அறிக்கை இரண்டையும் ஒரே நிறத்தால் தீட்டுகிறது.

வடமாகாணம் முழுவதற்கும் ஓர் எண் சொல்லும் வழக்கத்தையும் ஏற்பதற்கில்லை. மன்னார் ஆண்டுக்கு 1000 மில்லிமீற்றர் அளவே பெறும் உலர்ந்த நிலம். முல்லைத்தீவின் காடுகள் அதனிலும் தெளிவாகக் கூடுதல் பெறுவன. இரண்டையும் கூட்டி வகுத்தால் வருவது இரண்டுக்கும் உரியதாகாது. இது சிறு குறை, திருத்துவது எளிது.

திருத்த முடியாத குறை ஒன்றுண்டு. முப்பதாண்டுச் சராசரி என்றால் முப்பதாண்டும் ஒருவர் மானியின் அருகே நின்று அளந்திருக்க வேண்டும். வடக்கில் போர் நடந்த ஆண்டுகளில் பல நிலையங்களின் பதிவேடுகள் இடையிடையே அறுந்துபோயின. ஆய்வாளர் பலர் நாடு முழுவதற்கும் மழைப்படம் வரையும்போது வடக்கை வெறுமையாய் விட்டதும், அயல் நிலையங்களைக் கொண்டு நிரப்பியதும் இதனாலேதான். ஊர் இடம்பெயர்ந்தபோது மழை இடம்பெயரவில்லை. அது பெய்துகொண்டுதான் இருந்தது. அளக்க ஆளில்லை. அந்த ஆண்டுகளுட் பல இன்று வழக்கிலுள்ள 1991 முதல் 2020 வரையான காலப்பகுதியுள் அடங்குவன. எனவே வடக்கின் 'வழமை' என்று அச்சில் வரும் எண்ணுள் வெறுமையான பக்கங்களும் கலந்திருக்கின்றன. எந்த நிலையத்தின் சராசரி எத்தனை ஆண்டுப் பதிவால் ஆனது என்பதை அதன் அருகிலேயே சிறிய எழுத்தில் அச்சிடுதல் நேர்மை. 'முப்பதில் பத்தொன்பது' என்று இருந்தால் இருக்கட்டும். படிப்பவர் எவ்வளவு நம்பலாம் என்பதைத் தாமே முடிவுசெய்வார்.

வழமை நகர்ந்துகொண்டே இருப்பதையும் நம்மவர் கவனிப்பதில்லை. 2015இல் உலக வானிலை அமைப்பு, பத்தாண்டுக்கு ஒருமுறை இச்சராசரியைப் புதுப்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. காலநிலை மாற்றத்தை அளப்பதற்கு மட்டும் 1961 முதல் 1990 வரையான பழைய சராசரியை நிலையாக வைத்துக்கொண்டது. இரண்டு கோலும் வேண்டியவையே. ஆனால் பத்திரிகையில் எந்தக் கோலால் அளந்தது என்ற குறிப்பு வருவதில்லை. உலகம் சூடேறிவரும் காலத்தில் புதிய சராசரி தானும் சூடேறி நிற்கிறது. 2024ஆம் ஆண்டே, தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையோடு ஒப்பிட ஏறக்குறைய ஒன்றரைப் பாகை உயர்ந்து, அதுவரை பதிவான ஆண்டுகளுள் உலகில் மிக வெப்பமான ஆண்டாயிற்று. நம் பாட்டனார் காலத்தில் 'மிகுந்த வெப்பம்' என்றிருக்கக்கூடிய மே மாதம், நம் பிள்ளைகளுக்கு 'வழமையை ஒட்டியது' என்று அறிவிக்கப்படும். நாற்காலியை மெல்ல மெல்லத் தாழ்த்திவிட்டுப் பிள்ளை உயரவில்லை என்று சொல்வதைப் போன்றது இது.

இவ்வளவும் கூறியதால் வளிமண்டலவியல் திணைக்களத்தாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகக் கருதவேண்டாம். குறைந்த ஆளணியோடு நிறைந்த வேலை செய்வோர் அவர்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வாப் புயல் நாட்டைச் சூறையாடி, மலைநாட்டில் மண்சரிவுகளை விளைத்து, அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்த வேளையில், மழைமானியின் ஒவ்வொரு வாசிப்பும் எவ்வளவு பெறுமதி வாய்ந்தது என்பதை நாடு முழுவதும் உணர்ந்தது. எளிய மக்களுக்கு எளிய சொல் வேண்டும், இடையம் என்றும் வீதம் என்றும் சொல்லி அவர்களை மிரட்டலாமா என்று கேட்போர் உளர். நான் பல்லாண்டு புவியியல் கற்பித்தவன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்குவது, முப்பது மாரி கண்ட உழவனுக்கு விளங்காது என்று நம்ப என்னால் முடியாது. பத்து மாரியை வரிசையில் நிறுத்தி, 'இந்த மாரி கீழிருந்து மூன்றாவது' என்று சொன்னால் அவன் உடனே தலையாட்டுவான். ஏனெனில், மற்ற இரண்டும் எந்த ஆண்டுகள் என்பது அவனுக்கு நினைவிருக்கும். '73 வீதம்' என்றால் அவனுக்கு ஒரு நினைவும் வராது.

ஆகவே நான் வேண்டுவது மிகப் பெரிதன்று. தமிழில் வரும் மாத அறிக்கையில் 'வழமை' என்ற சொல்லை நீக்கி 'முப்பதாண்டுச் சராசரி' என்றே எழுதுக. எந்த முப்பதாண்டு என்பதையும் உடன் குறிக்க. பருவ முன்னறிவிப்பில் வருவதை 'நடுத்தரம்' என்று வேறு பெயரால் அழைக்க. மழைக் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் மழை பெய்த நாள்களின் தொகை, ஒரே நாளில் பெய்த மிகக்கூடிய மழை, தொடர்ந்து வறண்டிருந்த மிக நீண்ட இடைவெளி ஆகிய மூன்றையும் இடுக. வெப்பநிலையில் பகலை வேறாகவும் இரவை வேறாகவும் காட்டுக. நிவாரணத்துக்கு மனு எழுதும் கிராமத்தவரும் அதைப் பரிசீலிக்கும் அலுவலரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசும் நிலை அப்போது வரும்.

பதிவேடு அறுந்த ஊர்களுக்குப் பழைய மழையைத் திரும்பப் பெய்விக்க எவராலும் இயலாது. புதிய ஏட்டைத் தொடங்கலாம். வடக்கில் ஒரு திறந்த முற்றமும், காலை எட்டரைக்கு அங்கே நிற்கக்கூடிய ஒரு மாணவனும் இல்லாத பாடசாலை எது? விடுமுறை நாளில் காவலாளி பார்த்து எழுதட்டும். ஆண்டுதோறும் தலைமையாசிரியர் மாறுவார். கொப்பி மாறாமல் இருந்தால் போதும். பத்திரிகை ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை: 'முப்பதாண்டுச் சராசரி' என்று அச்சிட்டால் தலைப்பில் சிறிது இடம் கூடச் செலவாகும். அவ்விடத்தைத் தர அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். அடுத்த ஒக்டோபர் மாத அறிக்கையிலிருந்தே தொடங்கலாம். புழுதியில் விதைத்தவர்கள் அப்பொழுதுதான் முகிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.